உங்கள் ஹேண்டில்பார் உங்கள் தோளுக்கு அளவானதா?

சட்டை வாங்கினால் தோள் பொருந்துகிறதா என்று பார்க்கிறீர்கள். காலணி வாங்கினால் நுனியை விரலால் அழுத்திப் பார்க்கிறீர்கள். மலைச் சைக்கிள் வாங்கும்போது? சட்டகத்தின் அளவு, சக்கரத்தின் விட்டம், பிரேக், கியர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, இரண்டு கைகளும் பிடிக்கப்போகும் ஹேண்டில்பாரை மட்டும் கடைக்காரர் கொடுத்தபடியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறோம்.

இன்று விற்பனைக்கு வரும் பெரியவர்களுக்கான மலைச் சைக்கிள்களில் அந்தத் தண்டின் அகலம் பெரும்பாலும் 720 முதல் 800 மில்லிமீட்டர் வரை இருக்கும். 800 மில்லிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஒரு படுக்கையறைக் கதவின் அகலம். உயரமான, தோள் விரிந்த ஒருவருக்கு அது சரியாக இருக்கலாம். அண்ணனிடமிருந்து சைக்கிளை வாங்கிக்கொண்ட உயர்நிலை இரண்டு மாணவிக்கு? கைகள் சிறகு விரித்தாற்போல் அகன்றுவிடும். முழங்கை மடங்க இடமிருக்காது. கொஞ்ச நேரத்திலேயே தோள்பட்டை வலிக்கும். தனக்குப் பலம் போதவில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். குறை பலத்தில் இல்லாமல் தண்டின் நீளத்தில் இருக்கக்கூடும்.

கல் தள்ளும்போது என்ன நடக்கிறது?

ஹேண்டில்பார் ஒரு நெம்புகோல். நடுவில் சுழலும் அச்சு, இருபுறமும் கைகள். ஒரு கை தள்ள, மறு கை இழுக்க, முன்சக்கரம் திரும்புகிறது. விசையை அது செயல்படும் தொலைவால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும். இயற்பியல் வகுப்பில் 'மொமெண்ட்' என்று கேட்டிருப்பீர்கள்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். கடையில் சொல்லும் அகலம் முனைக்கு முனை அளந்தது. உங்கள் உள்ளங்கையின் நடுப்பகுதி முனையிலிருந்து ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் உள்ளே இருக்கும். எனவே 800 மில்லிமீட்டர் தண்டில் இரு உள்ளங்கைகளுக்கும் இடையே 700 மில்லிமீட்டர், 600 மில்லிமீட்டர் தண்டில் 500 மில்லிமீட்டர். பாதையில் கிடக்கும் கல் ஒன்று முன்சக்கரத்தை 35 நியூட்டன் மீட்டர் அளவுக்குத் திருப்பப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலத் தண்டில் ஒவ்வொரு கையும் 35-ஐ 0.7-ஆல் வகுத்தால் வரும் 50 நியூட்டன் விசையோடு எதிர்த்தால் போதும். குறுகிய தண்டில் 35-ஐ 0.5-ஆல் வகுக்க வேண்டும், 70 நியூட்டன். 5 கிலோ அரிசிப் பையைத் தூக்குவதற்கும் 7 கிலோ பையைத் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது. ஒரு தடவை என்றால் பெரிதில்லை. கல்லும் வேரும் நிறைந்த இறக்கத்தில் விநாடிக்கு விநாடி இது நடக்கிறது.

அப்படியானால் அகலமே நல்லதா? அவசரப்பட வேண்டாம். விசையில் மிச்சம் பிடித்ததைத் தொலைவில் கொடுத்தாக வேண்டும். சக்கரத்தை 20 பாகை திருப்ப, குறுகிய தண்டில் ஒவ்வொரு கையும் சுமார் 87 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். அகலத் தண்டில் 122 மில்லிமீட்டர் நகர வேண்டும். கை நீளமானவருக்கு இது தெரியவே தெரியாது. கை குட்டையானவருக்கோ கூர்மையான வளைவில் வெளிப்புறக் கை எட்டாத தூரத்துக்குப் போய்விடும். தோளும் கூடவே இழுபட்டு, உடல் ஒரு பக்கமாகச் சாயும். அந்த நேரத்தில் பிரேக்கை இதமாகப் பிடிப்பது மிகக் கடினம்.

இதே மந்தத்தனம் வேகமான இறக்கத்தில் நன்மையாக மாறுவதையும் சொல்ல வேண்டும். கை 5 மில்லிமீட்டர் நடுங்கினால் குறுகிய தண்டில் சக்கரம் ஒரு பாகைக்கு மேல் திரும்பும், அகலத் தண்டில் அதைவிடக் குறைவாகத் திரும்பும். சைக்கிள் அமைதியாக ஓடுவதுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரங்களையும் மறந்துவிடாதீர்கள். சிங்கப்பூரின் செஸ்நட் இயற்கைப் பூங்காவிலோ கோலாலம்பூரின் புக்கிட் கியாராவிலோ காட்டுத் தடத்தில் ஓட்டும்போது, தண்டின் முனை ஒரு மரத்தைத் தொட்டால் போதும், சக்கரம் சட்டென்று திரும்பிவிடும்.

மலையிலிருந்து இறங்கிய வரலாறு

இந்த விளையாட்டு பிறந்த இடமாக அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே உள்ள மரின் வட்டாரத்தைச் சொல்வார்கள். 1970களில் அங்கிருந்த இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டுபோய், மண் பாதையில் பாய்ந்து இறங்கினார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் இருந்தது. இறங்கி முடிப்பதற்குள் அதன் கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். மறுபடியும் கிரீஸை அடைக்க வேண்டும். அதனால் 1976-இல் பந்தயம் தொடங்கிய அந்தத் தடத்துக்கு 'ரீபேக்' என்றே பெயர் வந்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோன்ற அகலமான தண்டுகள் அவர்களுக்குப் பிடித்திருந்தன. யாரும் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை, அவர்களின் கைகளே கண்டுபிடித்தன.

பிறகு தலைகீழாகிவிட்டது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளோட்டம் முதன்முறையாக இடம்பெற்ற காலத்தில், 600 மில்லிமீட்டருக்கும் குறைந்த தண்டுகள் சாதாரணமாகப் புழங்கின. எடை குறைய வேண்டும், ஏற்றத்தில் முன்னால் குனிய வேண்டும், சாலைப் பந்தயக்காரர்களைப்போல் இருக்க வேண்டும். இதில் பாதி இயற்பியல், பாதி பாணி என்பது என் எண்ணம். அந்தக் குறுகிய தண்டோடு நீளமான 'ஸ்டெம்' ஒன்றும் சேர்ந்து வந்தது. ஸ்டெம் என்பது ஹேண்டில்பாரை முன்சக்கரத்தைத் திருப்பும் தண்டோடு இணைக்கும் உலோகத் துண்டு. அன்று 120 மில்லிமீட்டருக்கு மேலும் நீண்டிருந்த ஸ்டெம், இன்று பல சைக்கிள்களில் 35 முதல் 50 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டது. தண்டு அகன்றது, ஸ்டெம் குறைந்தது. இரண்டும் சேர்ந்தே நடந்ததற்குக் காரணம் உண்டு. அதைப் பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு நீங்களே காட்டலாம்.

கைகளை நேராக நீட்டிப் பிடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கையின் நீளம் 600 மில்லிமீட்டர், தோள்களுக்கு இடையே 380 மில்லிமீட்டர். 700 மில்லிமீட்டர் தண்டில் ஒவ்வொரு உள்ளங்கையும் தோளுக்கு வெளியே 110 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். தோளிலிருந்து முன்னோக்கி எட்டும் தூரம் 590 மில்லிமீட்டர். தண்டை 800 ஆக்கினால் அது 578 ஆகிவிடும். ஆக, நெஞ்சு 12 மில்லிமீட்டர் முன்னால் இழுக்கப்படுகிறது. ஸ்டெம்மைச் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீட்டியதற்கு இது சமம். இனி கையின் நீளத்தை 500 என்றும் தோளை 340 என்றும் மாற்றிக் கணக்கிடுங்கள். இழுப்பு 16 மில்லிமீட்டராகக் கூடும். உருவம் சிறியதானால் அதே தண்டு அதிகமாகவே படுத்துகிறது.

வெட்டுவதற்கு முன்

தரையில் 'புஷ் அப்' எடுக்கும் நிலைக்கு வாருங்கள். யோசிக்காமல் கைகளை ஊன்றுங்கள். நாலைந்து முறை எழுந்து இறங்கினால், கைகள் தாமாகவே பலமான இடத்தைத் தேடிக்கொள்ளும். நண்பர் ஒருவரிடம் ஒரு கையின் வெளி விளிம்பிலிருந்து மறு கையின் வெளி விளிம்புவரை அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்தான் உங்கள் தொடக்கம். முடிவு அல்ல, தரையில் பிரேக்கும் இல்லை, வளைவும் இல்லை. 160 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்கள் 680 முதல் 720 மில்லிமீட்டருக்குள் தேடத் தொடங்கலாம் என்பேன். தோள் அகலம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் உயரத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

அடுத்து, ரம்பத்தை எடுக்காமலேயே சோதியுங்கள். பிரேக், கியர் நெம்புகளைத் தளர்த்தி, கைப்பிடிகளோடு சேர்த்து இருபுறமும் 10 மில்லிமீட்டர் உள்ளே நகர்த்தி, மறுபடி நன்றாக முறுக்குங்கள். தண்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே காட்டுக்குள் போகாமல் திறந்த திடலில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எட்டு வடிவில் வளையுங்கள், நின்றுகொண்டு பிரேக் பிடியுங்கள். முழங்கை இயல்பாக மடங்கி வெளிப்பக்கம் பார்த்தால் நெருங்கிவிட்டீர்கள். மணிக்கட்டு உள்நோக்கி ஒடிந்தாற்போல் தெரிந்தால் இன்னும் அகலம்தான். ஒரே நாளில் தீர்ப்பு எழுத வேண்டாம், பழகுவதற்குச் சில நாட்கள் விடுங்கள்.

வெட்டிய துண்டை ஒட்ட முடியாது. நீங்களோ இன்னும் வளர்கிறீர்கள். ஆகவே ஒரு பக்கத்துக்கு 5 மில்லிமீட்டராகக் குறைத்துக்கொண்டே வருவதுதான் புத்திசாலித்தனம். எதுவரை வெட்டலாம் என்று தயாரிப்பாளர் எல்லை சொல்லியிருப்பார். பல தண்டுகளின் முனையில் அளவுக் கோடுகளே அச்சிடப்பட்டிருக்கும். அலுமினியத் தண்டைப் பெரியவர் ஒருவரின் துணையோடு வீட்டில் வெட்டலாம். கார்பன் தண்டைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். அதன் இழை பிளந்துவிடும், தூள் மூச்சுக்கும் கெடுதல்.

வெட்டிய முனைகளில் மூடி போட்டாயிற்றா என்று கடைசியாகப் பாருங்கள். மூடியில்லாத குழாய், பிஸ்கட் மாவை வட்டமாக வெட்டும் அச்சுக்குச் சமம். விழும்போது அதன்மேல் வயிறு பட்டால் உள்ளுறுப்புகளே காயமடையலாம். பழைய சைக்கிளை வாங்கியவர்கள் தண்டை வெட்டாவிட்டாலும்கூட இரண்டு முனைகளையும் இன்றே பார்த்துவிடுங்கள். மூடி சில வெள்ளிக்குக் கடையில் கிடைக்கும்.