டிக்கெட்டில் பத்திலொன்று, ஆவணத்தில் முழு ஆள்: சிறு பிள்ளைகளோடு விமானம் ஏறுவோர் கவனத்திற்கு



கடந்த வருடம் பாடசாலை விடுமுறையில் எங்கள் உம்மாவை உம்றாவுக்கு அழைத்துச் செல்ல நானா ஏற்பாடு செய்தார். தங்கச்சியும் தன் இரண்டு பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டாள். மூத்த பிள்ளைக்கு ஐந்து வயது, இளையவனுக்கு ஒன்றரை வயது. தங்கச்சியின் கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். உம்மாவுக்கு கஃபாவைப் பார்ப்பதோடு, பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு தவாப் செய்ய வேண்டும் என்பதும் ஓர் ஆசை.

பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதுதான் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் சேர்த்து முகவரிடம் கொடுத்தோம். அன்று மாலையே தங்கச்சி அழைத்தாள்.

"ராத்தா, மூத்தவள்ற பாஸ்போர்ட்டுக்கு நாலு மாசம்தான் கிடக்காம். விசா போட ஏலாதாம்."

குழந்தையின் பாஸ்போர்ட்டை யாரும் திறந்து பார்த்திருக்கவில்லை. வாப்பாவைப் பார்க்க தோஹா போவதற்காக இரண்டு வயதில் எடுத்த பாஸ்போர்ட் அது. எங்களுடையதைப் போல அதுவும் பத்து வருடம் செல்லும் என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டோம். வேறு யாரையும் குறை சொல்ல இடமில்லை, பிழை எங்களுடையதுதான். நான் ஆசிரியர் கலாசாலையிலிருந்து வெளியேறி இருபது வருடங்களாகக் கற்பிப்பவள். வருடா வருடம் தரம் ஒன்று அனுமதிக்கு வரும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களைச் சரிபார்ப்பவள். என் கண்ணிலும் அது படவில்லை. வேறு குடும்பங்களுக்கு இது நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்வோம். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை மடியில் இருந்து பயணம் செய்தால் அநேக விமான நிறுவனங்கள் பெரியவர்களின் கட்டணத்தில் பத்திலொன்று அளவையே அறவிடுகின்றன. தனி ஆசனம் கிடையாது. இதனால் குழந்தை நம்மோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒன்று என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. ஆனால் ஆவண விடயத்தில் அப்படியில்லை. பிறந்து ஒரு மாதமான குழந்தையும் தனிக் கடவுச்சீட்டும் தனி விசாவும் வேண்டிய ஒரு முழுப் பிரயாணிதான்.

தாயின் பாஸ்போர்ட்டிலேயே பிள்ளையின் பெயரையும் எழுதிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் இன்றைய விதி, வயது வேறுபாடின்றி ஒருவருக்கு ஒரு கடவுச்சீட்டு என்பதாகும். சிகிச்சைக்காக நம்மவர்கள் அதிகம் போகும் இந்தியாவின் இணையவழி விசாவும் பெற்றோரின் பாஸ்போர்ட்டில் பெயர் உள்ள பிள்ளைக்குக் கிடைக்காது, பிள்ளைக்குத் தனிக் கடவுச்சீட்டு இருக்க வேண்டும். இந்த விதிக்குக் காரணமும் உண்டு. ஒரு பிள்ளையை உரிமையில்லாத ஒருவர் நாடு கடத்திச் செல்வதை இது கடினமாக்குகிறது.

அடுத்தது காலம். நம் நாட்டில் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வழமையாக வழங்கப்படும் கடவுச்சீட்டு 3 வருடங்களுக்கே செல்லுபடியாகும். வளரும் பிள்ளையின் முகம் மாறிக்கொண்டே போகும். நான்கு மாதக் குழந்தையின் படத்தைக் காட்டி நான்கு வயதுப் பிள்ளையை அடையாளம் காண முடியாதல்லவா? இதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். சவூதி உட்படப் பல நாடுகள், கடவுச்சீட்டில் குறைந்தது 6 மாத காலம் மீதியிருக்க வேண்டும் என்கின்றன. அப்படியானால் மூன்று வருடப் பாஸ்போர்ட் உண்மையில் இரண்டரை வருடத்துக்குத்தான் உதவும். எங்கள் வீட்டில் தவறிப்போன கணக்கு இதுதான்.

புதிதாக எடுக்கும்போது என்னென்ன தேவை? 15 வயதில்தான் தேசிய அடையாள அட்டை கிடைக்கும் என்பதால், அதுவரை பிள்ளைக்கு எல்லாமே பிறப்பு அத்தாட்சிப் பத்திரம்தான். அதன் மூலப்பிரதியும், தாய் தகப்பனின் அடையாள ஆவணங்களும், இருவரின் சம்மதமும் வேண்டும். படத்தை குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில் எடுக்க வேண்டும். தாய் தகப்பன் பிரிந்திருந்தால் பிள்ளையின் பொறுப்பு யாருக்கு என்ற நீதிமன்றக் கட்டளையும், ஒருவர் மௌத்தாகியிருந்தால் இறப்பு அத்தாட்சிப் பத்திரமும் கேட்கப்படும்.

நம் சமூகத்தில் அதிகமானோர் தடுமாறும் இடம் சம்மதக் கடிதம். தகப்பன் வெளிநாட்டில் இருந்தால் அவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அதை உறுதிப்படுத்திப் பெற வேண்டும். கட்டாரில் வெள்ளியும் சனியும் விடுமுறை. இங்கே சனியும் ஞாயிறும். இரண்டு பக்கமும் அலுவலகம் திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரைதான். எங்களுக்கு நடுவில் ஒரு போயாவும் வந்தது. மச்சான் தொழிலில் லீவு கேட்டு, தூதரகத்துக்குப் போய், ஊருக்கு வரும் ஒருவரின் கையில் கடிதத்தைக் கொடுத்தனுப்பினார். அது வந்து சேர்ந்தபோது பயணத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அதற்குள் இரவு பஸ்ஸில் பத்தரமுல்லை போய், ஒருநாள் சேவையில் பாஸ்போர்ட் எடுத்து, அதன் பிறகு விசாவும் போட முடியுமா?

பெயர் விடயம் வேறு. நம்மில் பலரின் வழக்கப்படி பிள்ளையின் பெயருக்கு முன்னால் வாப்பாவின் பெயர் வரும். உம்மா திருமணத்துக்குப் பிறகும் தன் வாப்பாவின் பெயரோடுதான் இருப்பார். உதாரணத்துக்கு, தகப்பன் அப்துல் காதர் முஹம்மது றிபாஸ், தாய் முஹம்மது இஸ்மாயில் சித்தி நஸீரா, பிள்ளை முஹம்மது றிபாஸ் பாத்திமா ஹனா. நமக்கு இது ஒரே குடும்பம் என்று விளங்கும். குடும்பப் பெயரை மட்டும் பார்த்துப் பழகிய வெளிநாட்டு அதிகாரிக்கு இவர்கள் மூன்று குடும்பத்தவர்கள். அதிலும் தகப்பனின் பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் பிள்ளையின் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் 'முஹம்மது' ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தால் சந்தேகம் கூடும். எனவே பிள்ளைக்கு விண்ணப்பிக்கும்போது தகப்பனின் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். பயணத்தின்போது பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கைப்பையில் வைத்திருங்கள், பெட்டியில் போட்டுவிடாதீர்கள். வளைகுடா நாடுகளில் குடும்ப விசாவுக்கோ பாடசாலை அனுமதிக்கோ அதைக் கொடுப்பதாக இருந்தால், வெளிவிவகார அமைச்சின் கொன்சியுலர் பிரிவில் முன்கூட்டியே உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

வெளிநாட்டில் பிள்ளை பெறுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் பிள்ளையை இலங்கைப் பிரஜையாக்காது. பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி ஒரு வருடத்துக்குள் தூதரகத்திலோ திணைக்களத்திலோ பதிவு செய்ய வேண்டும். பிந்தினால் தண்டப் பணமும் அலைச்சலும். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் மட்டும் இலங்கையராக இருந்தாலும் பிள்ளைக்கு இந்த உரிமை உண்டு. உள்ளூரில் பிறக்கும் பிள்ளையை 42 நாட்களுக்குள் பதிவாளரிடம் பதிந்துவிடுங்கள். பதியும்போதே பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் வாசித்துப் பாருங்கள். பிள்ளை தரம் ஒன்றுக்கு வரும்போதுதான் பிழையைக் கண்டுபிடித்து, திருத்தம் செய்ய பிரதேச செயலகத்துக்கு ஓடும் பெற்றோரை நான் ஒவ்வொரு வருடமும் காண்கிறேன்.

பிள்ளை உம்மம்மாவோடோ சாச்சாவோடோ பயணம் செய்தால், தாய் தகப்பன் இருவரும் கையொப்பமிட்ட சம்மதக் கடிதமும் அவர்களின் அடையாள ஆவணப் பிரதிகளும் உடன் இருக்கட்டும். மடிக்குழந்தை டிக்கெட்டில் போகும் குழந்தைக்குப் பயணத்தின் இடையில் இரண்டு வயது பூர்த்தியானால், திரும்பி வரும்போது தனி ஆசனம் தேவைப்படும். அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணங்களும் விண்ணப்ப முறைகளும் அடிக்கடி மாறுவதால் கடைசித் தகவலைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பார்ப்பதே சரி. 2024இல் வெற்றுக் கடவுச்சீட்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்து மக்கள் பத்தரமுல்லையில் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை மறந்துவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு முன்பே வேலையைத் தொடங்குபவருக்கு அந்த வரிசை பயமில்லை.

எங்கள் கதை இப்படி முடிந்தது. நானாவும் உம்மாவும் மட்டும் போனார்கள். மூத்தவளை விட்டுவிட்டுப் போக முடியாமல் தங்கச்சியும் இளையவனும் நின்றுவிட்டார்கள். டிக்கெட் பணத்தில் ஒரு பகுதி திரும்பி வரவில்லை. கட்டுநாயக்கவில் வழியனுப்பும்போது மூத்தவள், "உம்மம்மா, எனக்கு ஏன் ஏலாது?" என்று கேட்டாள். உம்மா பதில் சொல்லாமல் அவளை அணைத்துக்கொண்டார். போய்வந்ததிலிருந்து உம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. இன்னொரு பயணத்தைப் பற்றி இப்போது அவர் பேசுவதில்லை.

இன்று தங்கச்சியின் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரும், பாஸ்போர்ட் முடியும் திகதியும், அதற்கு ஆறு மாதம் முந்திய திகதியும் அதில் உள்ளன. உங்கள் வீட்டிலும் இன்றே அப்படி ஒரு தாளை எழுதி ஒட்டுங்கள். சிறிய பிள்ளையின் பெயரை முதலில் எழுதுங்கள்.