கேலக்டிகா யாருக்குச் சொந்தம்?

தான் நடித்த தொடரைப் பார்க்காதீர்கள் என்று எந்த நடிகராவது சொல்வாரா? 2003-ஆம் ஆண்டு எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் சொன்னார். 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' என்ற பழைய அறிவியல் புனைகதைத் தொடர் 25 ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் சைஃபை சேனலில் புது உருவில் வரவிருந்தது. அதில் விண்கப்பலின் தளபதி அடாமாவாக நடித்தவர் ஓல்மோஸ். பழைய தொடரின் தீவிர ரசிகர்கள் இதைப் பார்க்க வேண்டாம், பார்த்தால் மனம் புண்படும் என்று ஒளிபரப்புக்கு முன்பே பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். சேனலின் விளம்பரப் பிரிவுக்கு அது இனித்திருக்காது. ஆனால் நேர்மையான எச்சரிக்கை. அந்த ரசிகர்கள் அதற்குள் கொதித்துப்போயிருந்தார்கள்.

அவர்களுடைய கோபத்தைப் புரிந்துகொள்ள 1978-க்குப் போக வேண்டும். முந்தைய ஆண்டுதான் 'ஸ்டார் வார்ஸ்' திரையரங்குகளை நிரப்பியிருந்தது. அதே ஆசையைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர முனைந்தார் தயாரிப்பாளர் கிளென் லார்சன். 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் சிறப்புக் காட்சிகளுக்குத் தலைமை தாங்கிய ஜான் டைக்ஸ்ட்ராவையே அழைத்துவந்தார். ஒரு எபிசோடுக்குச் சுமார் 10 லட்சம் டாலர் செலவு என்று பேசப்பட்டது. அன்றைய தொலைக்காட்சிக்கு அது மலைக்கவைக்கும் தொகை. சாயல் அதிகம் என்று 'ஸ்டார் வார்ஸ்' படத்தை வெளியிட்ட ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் வழக்கே தொடுத்தது. செப்டம்பர் 17 அன்று ஏபிசி சேனலில் முதல் பகுதி ஓடிக்கொண்டிருந்தபோது கேம்ப் டேவிட் உடன்படிக்கைச் செய்திக்காக நடுவில் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. எகிப்தும் இஸ்ரேலும் சமாதானத்துக்குக் கையெழுத்திட்ட இரவில், சமாதானப் பேச்சு என்று நம்பவைத்து மனித இனத்தையே அழிக்கும் கதையை அமெரிக்கர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதை எளிமையானது. விண்வெளியில் பன்னிரண்டு மனிதக் குடியேற்றங்கள். சைலான் எனும் இயந்திரப் படை ஒரே நாளில் அவற்றைச் சுட்டெரிக்கிறது. மிஞ்சியது கேலக்டிகா என்ற ஒரு போர்க்கப்பலும், அதன் பின்னால் வரும் ஒட்டுப்போட்ட கப்பல் கூட்டமும். பூமி என்றொரு உலகம் இருப்பதாகப் பழங்கதை சொல்கிறது. அதைத் தேடி ஓடுகிறார்கள். தளபதி அடாமாவாக லோர்ன் கிரீன், அவருடைய மகன் அப்பல்லோவாக ரிச்சர்ட் ஹாட்ச். சுருட்டுப் புகைத்துக்கொண்டு, சீட்டாடிக்கொண்டு, பெண்களைச் சிரிக்கவைத்துத் திரியும் போர் விமானி ஸ்டார்பக்காக டர்க் பெனடிக்ட். அழிவின் கதைதான் என்றாலும் பார்க்கிறவனுக்கு வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் சுகம் கிடைத்தது. தந்தை, மகன், நண்பன், ஒரு சிறுவன், அவனுடைய இயந்திர நாய். நடப்பது எதுவானாலும் இவர்கள் ஒருவரையொருவர் கைவிட மாட்டார்கள் என்ற உறுதி ஒவ்வொரு வாரமும் இருந்தது.

24 எபிசோடுகளில் ஏபிசி தொடரை நிறுத்தியது. 1980-இல் சிக்கன பட்ஜெட்டில் 'கேலக்டிகா 1980' என்று ஒன்று வந்து பத்தே எபிசோடுகளில் மறைந்தது. அதைப் பெரும்பாலான ரசிகர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

முடிவு சொல்லப்படாத கதைக்குத்தான் நீண்ட ஆயுள். கப்பல் பூமியை அடைந்ததா, ஸ்டார்பக் என்ன ஆனான் என்ற கேள்விகளை ஒரு கூட்டம் இருபது ஆண்டுகளுக்கு மேல் சுமந்தது. மாநாடுகள் கூட்டினார்கள், கப்பல் மாதிரிகள் செய்தார்கள், ஸ்டுடியோவுக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் ரிச்சர்ட் ஹாட்ச். 1997 முதல் கேலக்டிகா கதையைத் தொடரும் நாவல்களை மற்ற எழுத்தாளர்களுடன் சேர்ந்து எழுதினார். 1999-இல் தன் கைக்காசைப் போட்டு, பழைய நடிகர்கள் சிலரை மறுபடி உடையணியவைத்து, 'இரண்டாம் வருகை' என்ற பொருளில் பெயரிட்ட முன்னோட்டப் படம் ஒன்றை எடுத்தார். மாநாடுகளில் அதைத் திரையிட்டபோது ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஹாட்ச் கேட்டது மறுஆக்கம் அல்ல. அதே மனிதர்கள், வயது கூடியவர்களாக, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

அது கிட்டத்தட்ட நடந்தேவிட்டது. 2001-இல் இயக்குநர் பிரையன் சிங்கரும் தயாரிப்பாளர் டாம் டிசாண்டோவும் ஃபாக்ஸ் சேனலுக்காக ஒரு தொடர்ச்சியைத் தொடங்கினார்கள். முன்வேலைகள் வெகுவாக முன்னேறியிருந்த நேரத்தில் செப்டம்பர் 11 தாக்குதல். வேலைகள் தள்ளிப்போயின. சிங்கர் அடுத்த 'எக்ஸ்-மென்' படத்துக்குப் போனார். ஃபாக்ஸ் விலகியது. கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போன அந்த ஏமாற்றம் ஆறுவதற்குள், உரிமை வைத்திருந்த யுனிவர்சல் வேறொருவரை அழைத்து, எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து மாற்றி எழுதச் சொன்னது. 2003-இன் கோபத்துக்கு வேர் இங்கேதான். புதுமை பிடிக்காதவர்கள் என்று அந்த ரசிகர்களை ஒரே வரியில் ஒதுக்கிவிடுவது அநியாயம். அவர்கள் காத்திருந்த கதை வேறு, வந்தது வேறு.

அழைக்கப்பட்ட எழுத்தாளர் ரொனால்ட் டி. மூர். ரசிகர் கோபம் அவருக்குப் புதிதல்ல. 'ஸ்டார் ட்ரெக்' தொடர்களில் பத்து ஆண்டுகள் உழைத்தவர். 1994-இல் வந்த 'ஸ்டார் ட்ரெக் ஜெனரேஷன்ஸ்' படத்தில் கேப்டன் கிர்க்கைச் சாகடித்த திரைக்கதையை எழுதிய இருவரில் ஒருவர். செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து சில மாதங்களே ஆன நிலையில் அவர் பழைய கேலக்டிகாவின் முதல் பகுதியை மறுபடி பார்த்தார். எதிர்பாராத தாக்குதலில் ஒரு நாகரிகம் சிதறுகிறது. பிழைத்தவர்கள் பயத்தோடு ஓடுகிறார்கள். 1978-இல் இரண்டாம் எபிசோடுக்குள் சூதாட்ட விடுதி, கேளிக்கை என்று கதை திரும்பிவிடுகிறது. ஆனால் அந்த அடித்தளத்துக்குள் இன்னொரு கதை இருப்பதை மூர் கண்டுகொண்டார். ஒரே நாளில் கோடிக்கணக்கானோர் செத்த பிறகு மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள்? இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டார். யதார்த்தமான அறிவியல் புனைகதை வேண்டும் என்று ஒரு கொள்கைக் குறிப்பே எழுதினார். விசித்திர வேற்றுக்கிரகவாசிகள் வேண்டாம், வீர வசனம் வேண்டாம், கேமரா போர்க்களச் செய்தியாளர் கையில் இருப்பதுபோல் ஆடட்டும் என்பது அதன் சாரம்.

மாற்றங்கள் ஒவ்வொன்றும் பழைய ரசிகர்களைத் தைத்தன. சைலான்களைப் படைத்தது மனிதனே, அவை தம் எஜமானருக்கு எதிராகக் கிளர்ந்தவை என்றானது. பன்னிரண்டு வகைச் சைலான்கள் அச்சு அசலாக மனித உருவில் நடமாடின. பழைய தொடரில் ஆண் விமானியான பூமர் இப்போது கிரேஸ் பார்க் நடித்த பெண். அதிலும், தான் சைலான் என்பதைத் தானே அறியாதவள். கருப்பின நடிகர் டெர்ரி கார்ட்டர் ஏற்றிருந்த கர்னல் டை பாத்திரம், குடிகார வெள்ளையராக மைக்கேல் ஹோகனுக்குப் போனது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்டார்பக் பெண்ணாகிவிட்டாள். கேட்டி சாக்காஃப் நடித்த காரா திரேஸ் சுருட்டுப் பிடித்தாள், சீட்டாடினாள், மேலதிகாரியை முகத்தில் குத்தினாள்.

எதிர்ப்பாளர்கள் புதிய தொடருக்கு 'ஜினோ' என்று பெயர் வைத்தார்கள். பெயரில் மட்டுமே கேலக்டிகா என்று பொருள்படும் ஆங்கில முதலெழுத்துகள் அவை. புறக்கணிப்பு அழைப்புகள் கிளம்பின. தொடர் வருவதற்கு முன்பே ரசிகர் மாநாட்டுக்குப் போன மூர் அங்கே சாடலை நேருக்கு நேர் சந்தித்தார்.

அந்த எதிர்ப்புக்குள் பல குரல்கள் கலந்திருந்தன; அவற்றைப் பிரித்துப் பார்ப்பதுதான் முறை. தொடர்ச்சி கேட்டவர்களின் குரல் ஒன்று. பழைய தொடரின் இதத்தையும் நம்பிக்கையையும் இழக்க விரும்பாதவர்களின் குரல் இன்னொன்று. இந்த இரண்டிலும் நியாயம் இருந்தது. மூரின் தொடரில் அந்த இதம் உண்மையிலேயே இல்லை. அதில் தந்தையும் மகனும் பேசிக்கொள்ளவே சிரமப்படுகிறார்கள். மூன்றாவது குரல், ஸ்டார்பக்கின் இடத்தில் ஒரு பெண் உட்காரக் கூடாது என்றது. அதன் மிக உரத்த வடிவம் முதல் ஸ்டார்பக்கான டர்க் பெனடிக்டிடமிருந்தே வந்தது. 2004-இல் 'ட்ரீம்வாட்ச்' இதழில் அவர் எழுதிய கட்டுரை, ஆண்மையை வெட்டியெறிந்துவிட்டார்கள் என்று குமுறியது. ஆண்கள் பலவீனமாகவும் பெண்கள் அதிகாரத்திலும் இருக்கும் இந்தத் தொடர் காலத்தின் கோளாறு என்பது அவருடைய வாதம். தான் உயிர்கொடுத்த பாத்திரத்தின் மீது ஒரு நடிகருக்குப் பாசம் இருப்பது இயல்பு. ஆனால் அந்தக் கட்டுரையில் பாசத்தைவிடப் பெண் மீதான எரிச்சல்தான் ஓங்கி நின்றது. காரா திரேஸைத் திரையில் பார்த்தவர்களிடம் அது எடுபடவில்லை. தாயின் கொடுமையில் வளர்ந்து, எவரும் தன்னை நெருங்காதபடி முரட்டுத்தனத்தைக் கவசமாக மாட்டிக்கொண்டவள் அவள். பழைய ஸ்டார்பக்கின் துடுக்குத்தனம் எங்கிருந்து வந்தது என்று 1978-இல் எவரும் கேட்கவில்லை. சாக்காஃப் அந்தக் கேள்விக்கு நான்கு சீசன்கள் பதில் சொன்னார்.

2003 டிசம்பர் 8, 9 தேதிகளில் குறுந்தொடர் ஒளிபரப்பானது. இரண்டாம் இரவில் பார்வையாளர் கூட்டம் குறையாமல் கூடியது. முழுத் தொடர் 2004 அக்டோபரில் முதலில் பிரிட்டனிலும், 2005 ஜனவரியில் அமெரிக்காவிலும் தொடங்கியது. முதல் எபிசோடின் பெயரே ஒரு எண்: '33'. முப்பத்து மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை சைலான்கள் வருகிறார்கள்; கப்பல் கூட்டம் தாவித் தப்புகிறது; மறுபடி வருகிறார்கள். ஐந்து நாட்களாக எவரும் தூங்கவில்லை. சண்டைக் காட்சியைவிட, சிவந்த கண்ணும் தளர்ந்த கையுமாக நிற்கும் மனிதர்கள்தான் அதில் மனதைப் பிழிகிறார்கள். அறிவியல் புனைகதை உலகின் பெருமதிப்புக்குரிய ஹியூகோ விருது அந்த எபிசோடுக்குக் கிடைத்தது. தொடருக்குப் பீபடி விருதும் வந்தது. 'டைம்' இதழ் அதை 2005-இன் தலைசிறந்த தொலைக்காட்சித் தொடர் என்றது.

மூன்றாம் சீசனில் மூர் எடுத்த துணிச்சல் இன்றைக்கும் வியக்கவைக்கிறது. சைலான்கள் ஒரு மனிதக் குடியிருப்பை ஆக்கிரமிக்கிறார்கள். நமக்குப் பிடித்த நாயகர்கள் எதிர்ப்பியக்கமாகி, உடலில் குண்டு கட்டிக்கொண்டு வெடிக்க ஆளனுப்புகிறார்கள். அது 2006. அமெரிக்கப் படைகள் ஈராக்கில் இருந்த காலம். பார்வையாளரை ஆக்கிரமிக்கப்பட்டவன் பக்கம் உட்காரவைத்தது அந்தக் கதை. 2009 மார்ச்சில் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபை, மனித உரிமை பற்றியும் பயங்கரவாதம் பற்றியும் பேச மூரையும் ஓல்மோஸையும், அதிபர் லாரா ராஸ்லினாக நடித்த மேரி மெக்டானலையும் அழைத்தது.

தொடர் பழையதை ஒரேயடியாகத் தூக்கி எறியவும் இல்லை. புதிய கேலக்டிகா ஓய்வுபெற்று அருங்காட்சியகமாகப்போகும் பழங்கப்பல். அங்கே கண்ணாடிக்குள் காட்சிக்கு நிற்பது 1978-இன் சைலான் உருவம். ஸ்டூ பிலிப்ஸ் அமைத்த பழைய முகப்பிசையை மூர் அந்த உலகத்தின் தேசிய கீதமாக்கினார். புதிய முகப்பிசைக்கு ரிச்சர்ட் கிப்ஸ் எடுத்துக்கொண்டது காயத்ரி மந்திரம். இரண்டாம் சீசனிலிருந்து அமெரிக்க வீடுகளில் வாரந்தோறும் சமஸ்கிருத உச்சரிப்போடுதான் அந்தக் கப்பல் புறப்பட்டது.

எதிர்ப்பின் முகமாக இருந்த ரிச்சர்ட் ஹாட்சுக்கு என்ன ஆயிற்று? மூர் அவரைக் கூப்பிட்டு ஒரு வேடம் கொடுத்தார். பழைய அப்பல்லோ அல்ல. டாம் சாரெக் என்ற அரசியல் கைதி. ஆட்சியாளர்களுக்குப் பயங்கரவாதி, தன் மக்களுக்குப் போராளி. சாரெக் முதலில் மோதுவதும் புதிய அப்பல்லோவோடுதான். பழைய நாயகனும் புதிய நாயகனும் ஒரே சிறைக்கூடத்தில் எதிரெதிரே நின்று, அதிகாரம் யாருடையது என்று வாதாடும் காட்சிகளை, வெளியே நடந்த சண்டையை அறிந்தவர்கள் வேறொரு கனத்தோடு பார்த்தார்கள். ஹாட்ச் அந்தப் பாத்திரத்தை மனதார ஏற்றுச் செய்தார். நடிகராக அவருடைய ஆகச் சிறந்த வேலை அதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். 2017-இல் அவர் இறந்தபோது இரண்டு கூட்டத்து ரசிகர்களும் சேர்ந்தே வருந்தினார்கள்.

2009 மார்ச் 20 அன்று புதிய தொடரும் முடிந்தது. உடனே அடுத்த பிளவு. இம்முறை புதிய ரசிகர்களுக்குள். தப்பிவந்தவர்கள் ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய நம் பூமியில் இறங்கி, கப்பல்களைச் சூரியனுக்குள் செலுத்திவிட்டு, ஆதிமனிதரோடு கலக்கிறார்கள். காரா திரேஸ் புல்வெளி நடுவே காற்றில் கரைந்ததுபோல் மறைகிறாள். எல்லாம் தெய்வச் செயல் என்பதாகக் கதை கைகழுவிவிட்டது என்று ஒரு சாரார் கொதித்தார்கள். எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினும் தன் ஏமாற்றத்தை வெளிப்படையாக எழுதினார். தொடக்கத்திலிருந்தே தீர்க்கதரிசனமும் நம்பிக்கையும் அதன் ஊடுபாவாக இருந்தன, வேறு முடிவு பொருந்தாது என்றார்கள் மறுசாரார். நான்கு சீசன்களாக அரசியலையும் பசியையும் தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் அத்தனை கறாராகக் காட்டிய தொடர், காராவின் மறைவுக்கு விளக்கம் ஏதும் தராமல் விட்டது குறைதான். ஆனால் அடாமா, ராஸ்லினின் கல்லறை அருகே உட்கார்ந்து பேசும் காட்சியைப் பார்த்துவிட்டு அந்தக் குறையைப் பெரிதுபடுத்த மனம் வருவதில்லை.

2019-இல் 'மிஸ்டர் ரோபாட்' தொடரின் சாம் எஸ்மெயில், பீகாக் தளத்துக்காக இன்னொரு கேலக்டிகாவை உருவாக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. ரசிகர்களிடம் எஸ்மெயில் உடனடியாகச் சொன்னது, மூரின் தொடரைத் தான் மறுஆக்கம் செய்யப்போவதில்லை, அதே உலகத்துக்குள் புதுக்கதை சொல்லப்போகிறேன் என்பது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் ஹாட்சும் அவருடைய ரசிகர்களும் யுனிவர்சலிடம் மன்றாடிக் கேட்டது ஏறக்குறைய இதே உறுதிமொழியைத்தான். அன்று கிடைக்காதது, ஜினோ என்று தூற்றப்பட்ட தொடரின் ரசிகர்களுக்குக் கேட்காமலே கிடைத்தது. திட்டம் ஐந்தாண்டுகள் இழுபறியாக நீடித்து, 2024-இல் பீகாக் கைவிட்டது. பெயரின் உரிமை இன்னும் யுனிவர்சலிடமே இருக்கிறது. வேறு இடம் கிடைக்குமா என்ற தேடல் அப்போதும் தொடர்ந்தது.