குழி விழாத தடம்

பௌர்ணமி மாலையில் காசிமேட்டிலோ திருவொற்றியூர் கரையிலோ நின்று, கடலை விட்டு எழும் நிலவைப் பாருங்கள். அதன் கீழ்ப்பக்கம் பரந்து கிடக்கும் கறுப்புத் திட்டுக்குப் ‘புயல்களின் பெருங்கடல்’ என்று பெயர். தண்ணீர் கிடையாது, எல்லாம் உறைந்த எரிமலைக் குழம்பு. அதன் ஓரமாக சுமார் 70 கிலோமீட்டர் நீளத்துக்கு வெளிறிய சுழி ஒன்று இருக்கிறது. பெயர் ரெய்னர் காமா.

அதில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. சாய்வெயிலிலும் நிழல் விழாது. விண்கல் மோதியிருந்தால் குழி இருக்க வேண்டுமே?

2015-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்து பீட்டர் ஷுல்ட்ஸும் மேகன் ப்ரக் சயாலும் சொன்ன விடை, வால்நட்சத்திரம். பனியும் தூசுமான அந்தக் கட்டி தன்னைச் சுற்றி வாயுப் படலத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது. மோதும்போது அந்த வாயு, நிலவின் மேல்மண்ணை வெகுதூரம் துடைத்துத் தள்ளிவிடும். அப்பல்லோ கலங்கள் இறங்கியபோது எஞ்சின் வாயு பட்ட மண் வெளுத்துக் கிடந்தது. ஷுல்ட்ஸுக்குப் பொறி தட்டியது அதைப் பார்த்துத்தான்.

ஆனால் இந்தச் சுழியில் காந்தப்புலமும் இருக்கிறது. அது எப்படி வந்தது? எண்ணூர், மணலிப் பக்கம் பட்டறைகளில் இரும்பு காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும்: செக்கச்செவேலென்று காய்ந்த இரும்பில் காந்தம் ஒட்டாது. சுமார் 770 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறினால்தான் ஒட்டும். அப்படி ஆறும் வேளையில் சுற்றிலும் எந்தக் காந்தப்புலம் இருக்கிறதோ, அது இரும்பில் பதிந்து நின்றுவிடும். மோதலின் வெப்பத்தில் உருகிய நிலவு மண்ணின் இரும்புத் துகள்களில், வால்நட்சத்திரம் சுமந்து வந்த புலம் இப்படிப் பதிந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

எதிர்த்தரப்பும் வலுவானது. சூரியனிலிருந்து வீசும் மின்னூட்டத் துகள்களான சூரியக் காற்று பட்டுப் பட்டு நிலவின் மண் கறுக்கிறது. காந்தம் அதைத் தடுப்பதால்தான் சுழி வெளுப்பாகவே இருக்கிறது என்கிறார்கள். இதற்குச் சான்று தந்தது நம் சந்திரயான்-1. 2008 அக்டோபர் 22 அன்று எண்ணூருக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அந்தக் கலத்தில், இந்தியாவும் ஸ்வீடனும் சேர்ந்து செய்த ‘சாரா’ என்ற கருவி இருந்தது. நிலவின் மறுபக்கத்தில் ஒரு காந்தப் பகுதி, சூரியக் காற்றைத் தரை தொடவிடாமல் விலக்குவதை அது படம்பிடித்தது.

மண்ணை வெளுக்கவைத்தது வால்நட்சத்திரம், கறுக்காமல் காப்பது காந்தம் என்று இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். காந்தம் வால்நட்சத்திரம் தந்ததா, அதற்கும் வெகுகாலம் முந்தைய மோதல்களின் மிச்சமா என்ற வழக்குதான் இன்னும் தீரவில்லை. அதை நேரில் அளக்க, ரெய்னர் காமாவிலேயே கருவிகளை இறக்க நாசா திட்டமிட்டிருக்கிறது. உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் சிறிய தொலைநோக்கி இருந்தால், பௌர்ணமியை ஒட்டிய இரவில் அதை அந்தச் சுழியின் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.