துபாயில் கடை திறக்கப் போகிறீர்களா? விசாவை முதலில் கவனியுங்கள்!

கடல் கடந்து போய் வியாபாரம் செய்வது நம் வணிகர்களுக்குப் புதிதல்ல. பர்மா, மலேயா, இலங்கை என்று முன்னோர் போனார்கள். இன்று மளிகை, மசாலா, ஜவுளி என எந்தத் துறையிலும் பலர் துபாய்ப் பக்கம் பார்க்கிறார்கள். ஆனால் கடைக்கு இடம் பார்ப்பதில் காட்டும் அக்கறையை விசா பார்ப்பதில் காட்டுவதில்லை. "ஏதாவது ஒரு விசாவில் போய் இறங்குவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். இது சரக்கைப் பார்க்காமல் முழுப் பணத்தையும் கட்டுவதற்குச் சமம் என்பது நம் கருத்து.

அங்கே முதலாளியாக இருப்பவரின் குடியிருப்பு விசா, அவர் எடுக்கும் தொழில் லைசென்ஸைச் சார்ந்தது. லைசென்ஸ் ரத்தானால் அதன் பேரில் பெற்ற விசாவும் நிற்காது. ஆகவே எந்த விசா என்று கேட்பதற்கு முன், எந்த லைசென்ஸ், யார் பெயரில் என்று கேட்க வேண்டும்.

வேலை விசாவில் சொந்த வியாபாரம்

நம்மவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இது. அங்கே கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர், தம் கடைக்கு வேலையாளாக விசா எடுத்துக் கொடுக்கிறார். வந்தவர் நகையை விற்று, நிலத்தை அடகு வைத்து, அதே கடையில் பணம் போடுகிறார். இருவருக்கும் இடையே இருப்பது வாய்ப்பேச்சு மட்டுமே. சட்டத்தின் பார்வையில் இவர் சம்பளக்காரர். லைசென்ஸில் பெயர் இல்லை, போட்ட பணத்துக்குப் பத்திரமும் இல்லை. மனஸ்தாபம் வந்து அவர் விசாவை ரத்து செய்தால், கொடுக்கப்படும் சொற்ப அவகாசத்துக்குள் வேறு விசா தேட வேண்டும், இல்லையேல் ஊர் திரும்ப வேண்டும். பணம் அங்கேயே நின்றுவிடும்.

விசிட் விசாவில் போய்க் கல்லாவில் உட்காருவதும் குற்றமே. வேலை அனுமதி இல்லாதவரை வைத்து வேலை வாங்கும் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2024-இல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. அடைக்கலம் கொடுத்தவரும் சேர்ந்தே மாட்டிக்கொள்வார்.

மெயின்லேண்டா, ஃப்ரீ ஸோனா?

முன்பெல்லாம் ஃப்ரீ ஸோனுக்கு வெளியே கம்பெனி தொடங்கினால் 51 சதவீதப் பங்கு அந்நாட்டுக் குடிமகன் பெயரில் இருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் இந்த நிலை மாறி, பெரும்பாலான தொழில்களில் 100 சதவீத உரிமையும் நம் பெயரிலேயே இருக்கலாம். ஆகவே "ஸ்பான்சர் பெயரில்தான் கடை எடுக்க முடியும்" என்று எவராவது சொன்னால், உங்கள் தொழிலுக்கு அது உண்மையா என்று விசாரியுங்கள்.

1985-இல் தொடங்கிய ஜெபல் அலி போன்ற ஃப்ரீ ஸோன்கள், சரக்கை இறக்கி வேறு நாடுகளுக்கு அனுப்பும் மொத்த வியாபாரிக்கு ஏற்றவை. ஆனால் அந்த லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு, தனி அனுமதி இல்லாமல், ஊருக்குள் சில்லறைக் கடை நடத்த முடியாது. பர் துபாயிலோ தேராவிலோ கடை போட நினைப்பவர் மெயின்லேண்ட் லைசென்ஸ் எடுப்பதே முறை. விலை குறைவு என்பதற்காக ஃப்ரீ ஸோன் லைசென்ஸ் வாங்கிய பிறகு கடை திறக்க முடியாமல் நின்றால், இரண்டாவது லைசென்ஸுக்கும் செலவு செய்ய நேரிடும்.

எந்த லைசென்ஸானாலும் பங்குதாரர் விசா பொதுவாக 2 ஆண்டுக்குக் கிடைக்கும். லைசென்ஸைப் புதுப்பித்து வரும்வரை விசாவையும் புதுப்பிக்கலாம். ஒரு லைசென்ஸுக்கு எத்தனை விசா என்பது பெரும்பாலும் அலுவலக இடத்தின் அளவைப் பொறுத்தது. ஊரிலிருந்து ஆட்களை அழைத்துப் போக நினைப்பவர் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீண்ட கால விசாக்கள்

முதலீட்டாளருக்கும் பங்குதாரருக்கும் 5 ஆண்டு கிரீன் விசா உண்டு. 20 லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள சொத்து வாங்குவோர் 10 ஆண்டு கோல்டன் விசா கேட்கலாம். சாதாரணக் குடியிருப்பு விசாக்காரர் தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா செல்லாமல் போகும். கோல்டன் விசாவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. மேனேஜரிடம் கடையை விட்டுவிட்டு ஊரில் இருக்க நினைப்பவர் இதைக் குறித்துக்கொள்ளவும். அதற்காகக் கடை முதலை எடுத்துச் சொத்தில் முடக்குவது, புதிதாகத் தொடங்குபவருக்கு நாம் சொல்லும் வழியல்ல.

ஊரில் முடிக்க வேண்டியவை

முதலீட்டுப் பணம் வங்கி வழியாகவே போக வேண்டும். இந்தியாவில் குடியிருக்கும் தனி நபர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கு எடுப்பதற்கு 2022-இல் வந்த விதிகளின்படி வங்கியில் உரிய படிவம் கொடுக்க வேண்டும். உண்டியலில் அனுப்பிய பணத்துக்கு நாளை கணக்குக் காட்ட வழியில்லை.

வரியே இல்லாத ஊர் என்ற பழைய பேச்சையும் மறந்துவிடுங்கள். 2018 முதல் 5 சதவீத வாட் வரி உண்டு. 2023 ஜூன் முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு, 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்தில் 9 சதவீத கம்பெனி வரியும் உண்டு. விசா வாங்கிய அன்றே நம் நாட்டு வருமான வரிக்கு வெளிநாடு வாழ் இந்தியர் ஆகிவிடுவதும் இல்லை. இங்கே தங்கிய நாட்களே முக்கியக் கணக்கு என்பதால், அடிக்கடி வந்துபோகிறவர்கள் ஆடிட்டரைக் கலந்துகொள்வது நல்லது.

பணம் கட்டுமுன் ஏஜெண்டிடம் நான்கு விவரங்களை எழுத்தில் கேளுங்கள்:

1. லைசென்ஸில் என் பெயரும் பங்கும் எவ்வளவு?
2. நான் செய்யப்போகும் தொழில் அதில் குறிப்பிடப்பட்டுள்ளதா?
3. ஆண்டுதோறும் புதுப்பிக்க மொத்தச் செலவு என்ன?
4. கடையை மூட நேர்ந்தால் என் விசாவும் குடும்பத்தின் விசாவும் என்ன ஆகும்?

இந்த நான்குக்கும் நேரான பதில் வராத இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம் என்று வணிக நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.