காருண்யமும் காப்பீடும்

திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள கழக்கூட்டத்தில், 1990இல் டெக்னோபார்க் தோன்றியதிலிருந்து, வைத்தியச் செலவை வெவ்வேறு விதமாகச் சமாளிக்கும் மனிதர்கள் அடுத்தடுத்து வசிக்கலானார்கள். கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தருக்குக் கம்பெனி எடுத்துத் தரும் இன்சூரன்ஸ் உண்டு. அதே கட்டடத்தின் வாசலில் நிற்கும் காவலாளிக்கு, மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டாத வரையில், இ.எஸ்.ஐ. உண்டு, சர்க்கார் குமாஸ்தாவுக்கு 2022 ஜூலையில் ஆரம்பமான மெடிசெப் என்னும் இன்சூரன்ஸ் உண்டு, கரையோரத்து ஏழை மீனவக் குடும்பத்துக்கோ, காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி என்னும் ராஜ்யத் திட்டமே கதி.

இந்தக் கடைசித் திட்டம் ஒரே நாளில் உதித்ததன்று. 2008இல் மத்திய சர்க்கார் வறிய குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றபோது, தில்லியின் ஜாபிதாவில் இடம்பெறாத ஏழைகளையும் கேரளம் தன் செலவில் சேர்த்துக்கொண்டது. பின்னர் கே.எம். மாணி நிதியமைச்சராக இருந்த காலத்தில், லாட்டரிச் சீட்டின் லாபத்தைக் கொண்டு புற்றுநோய், சிறுநீரக வியாதி போன்றவற்றுக்கு உதவும் காருண்யா நிதி உண்டாயிற்று. சூதாட்டப் பணத்தில் தர்மமா என்று முகம் சுளித்தவர்களுக்கு, டயாலிசிஸுக்குக் காத்திருந்தவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 2019 ஏப்ரலில், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் முன்பிருந்த ஏற்பாடுகள் இணைக்கப்பட்டு, 40 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்றாயிற்று.

என் அபிப்பிராயத்தில், பெரிய சீர்திருத்தம் அதற்கு அடுத்த ஆண்டில், சந்தடியின்றி நடந்ததுதான். 2020 ஜூலை முதல், பிரீமியத்தைப் பெற்றுக்கொண்டு பணம் பட்டுவாடா செய்யும் இன்சூரன்ஸ் கம்பெனியை விலக்கிவிட்டு, ராஜ்ய ஆரோக்கிய ஏஜென்ஸியே ஆஸ்பத்திரிகளுக்கு நேரே பணம் கொடுக்கத் தொடங்கியது. கம்பெனிக்குப் போகக்கூடிய லாபம் மிச்சமாயிற்று என்பது உண்மை. ஆனால் வியாதிகள் பெருகினால் வரும் நஷ்டம் முழுவதும் கஜானாவின் தலையில் விழுந்ததால், பாக்கி சேர்ந்து, தனியார் ஆஸ்பத்திரிகள் பின்வாங்குவதும் நேர்ந்தது.

இவ்வளவுக்கும் பிறகு, ஜனங்கள் தங்கள் கைப்பணத்தை வைத்தியத்துக்குச் செலவிடுவதில் கேரளம் இந்தியாவின் முன்னணியில் நிற்பதேன்? காருண்ய ஆரோக்கியத் திட்டம் முக்கியமாக ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு உரியது. ஆஸ்பத்திரியில் சேருவதற்கு 3 நாள் முன்பும், வெளியேறிய பின் 15 நாள் வரையும் ஆகும் செலவை அது ஏற்கும். கேரளத்தைப் பீடித்திருக்கும் சர்க்கரையும் ரத்த அழுத்தமுமோ, ஆயுள் முழுவதும் தினந்தோறும் மாத்திரை கேட்பவை. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு உட்பட்டும் அந்தத் திட்டத்தின் அட்டை கிடைக்காதவர்களுக்குக் காருண்யா நிதி இன்றும் கைகொடுக்கிறதாயினும், அந்த மாத்திரைக்கு அது வழி செய்வதில்லை.

ஆகவே, 2017இல் ஆரம்பமான ஆர்த்ரம் இயக்கம், ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாற்றி, மாலை 6 மணி வரை வெளிநோயாளிகளைப் பார்க்கச் செய்ததை, காப்பீட்டுத் திட்டங்களோடு சம்பந்தமில்லாத வேறொரு காரியமாக நான் எண்ணவில்லை. அன்றாடக் கூலியை இழக்காமல் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு மாத்திரை வாங்கிச் செல்லும் ஒருவர், பத்தாண்டுகள் கழித்துப் பக்கவாதத்தால் படுக்கையில் விழாமல் தப்புவாராயின், அந்த 5 லட்சத்தில் பெரும்பகுதி கஜானாவிலேயே தங்கும். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைக்குமானால், அதை அந்த மையங்களின் மருந்து அலமாரிக்கே கொடுக்க வேண்டும் என்பேன்.