சோற்றைக் குறைத்தால் தெம்பு போய்விடுமா?



ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பரிசோதித்துவிட்டு, "உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, சோற்றைக் குறையுங்கள்" என்று டாக்டர் சொன்னதும், நம் ஜனங்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "சோத்தை விட்டுட்டு எப்படிங்க வயல்ல இறங்கி வேலை செய்யறது?" கேட்பது நியாயம்தான். மூன்று வேளையும் அரிசியே உள்ளே போகும் வீட்டில் இது இடி விழுந்தமாதிரி இருக்கும். ஆனால் டாக்டர் சோற்றை விடச் சொல்லவில்லை. குறைக்கத்தான் சொன்னார். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல்தான் சிலர் ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். சிலர் ஒரே நாளில் சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு மயங்கி விழுகிறார்கள்.

சர்க்கரை நோய் பணக்கார வியாதி என்ற பேச்சு பழசாகிப்போச்சு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று 2023-ல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது என்றும், தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்கு இருக்கிறது என்றும் அது சொல்கிறது. ஏர் பிடித்தவர், களை எடுத்தவர் எல்லோரும் இதில் அடக்கம்.

"சோறு இனிக்கவே இல்லையே, அது எப்படிச் சர்க்கரை ஆகும்?"

ஒரு வாய்ச் சோற்றை விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருந்து பாருங்கள். கொஞ்ச நேரத்தில் லேசாகத் தித்திக்கும். அரிசியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. எச்சில் பட்டதுமே அது உடையத் தொடங்கி, குடலுக்குப் போனதும் முழுக்கச் சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. நாளைக்கு அரைக் கிலோ அரிசி தின்கிறவர் 390 கிராம் மாவை உள்ளே தள்ளுகிறார். உழைக்கிற வாலிப உடம்பு அதை எரித்துவிடும். வயது நாற்பதைத் தாண்டி, நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்து, வயலுக்கு மோட்டார் சைக்கிளில் போகிற காலத்தில் எரிப்பது எங்கே? வேலை குறைந்துவிட்டது, தட்டு மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது.

இது புது வைத்தியமும் இல்லை. இன்சுலின் கண்டுபிடித்தது 1921-ல். அதற்கு முன்னால் சர்க்கரை நோய்க்கு டாக்டர்கள் கையில் இருந்த முக்கிய ஆயுதமே மாவுப் பண்டத்தைக் குறைப்பதுதான். இப்போது மருந்துகள் வந்துவிட்டன. ஆனாலும் தட்டைக் கவனிக்காமல் மருந்தை மட்டும் விழுங்கினால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான்.

"எவ்வளவு குறைக்கணும்?"

நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து இருந்தால்தான் அதைக் குறைந்த மாவு உணவு என்று மருத்துவ நூல்களில் சொல்கிறார்கள். 50 கிராமுக்கும் கீழே போவது மிகக் கடுமையான பத்தியம். அதை டாக்டர் பக்கத்தில் இல்லாமல் நீங்களாகத் தொடங்கவே கூடாது. நம் ஊருக்கு ஏற்றது நடுத்தரமான வழி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், சாதாரண ஆளுக்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்தே நாளைக்குச் சுமார் 250 கிராம் போதும் என்று போட்டிருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு அதிலும் கொஞ்சம் இறங்கலாம்.

தராசு வேண்டாம். தட்டைப் பாருங்கள். நம் வீட்டில் தட்டு முழுக்கச் சோறு, ஓரத்தில் தொட்டுக்கொள்ள ஒரு கரண்டிப் பொரியல். இதைத் தலைகீழாக்க வேண்டும். பாதித் தட்டு காய், கீரை. கால் தட்டு பருப்போ, முட்டையோ, மீனோ, சுண்டலோ. மீதிக் கால் தட்டுதான் சோறு. முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் எடுங்கள். வயிறு முன்னாலேயே பாதி நிரம்பிவிடும். சர்க்கரையும் மெதுவாக ஏறும்.

ஒரே நாளில் பாதியாக்க வேண்டாம். முதல் வாரம் இரவுச் சோற்றில் ஒரு கரண்டி, அடுத்த வாரம் பகலில் ஒரு கரண்டி என்று இறங்கி வந்தால் உடம்பும் பழகும், மனசும் ஏங்காது.

டீயை மறந்துவிடாதீர்கள். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாலு டீக்கு எட்டு ஸ்பூன், அதாவது 40 கிராம் வெறும் சர்க்கரை. சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் இதில் கை வையுங்கள். "நான் நாட்டுச் சர்க்கரைதான் போடறேன், கருப்பட்டிதான் போடறேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரைதான்.

"அப்போ கேழ்வரகுக் கூழுக்கு மாறிடலாமா? சப்பாத்தி?"

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கேழ்வரகு, கம்பு, சாமை, வரகு, தினை எல்லாவற்றிலும் நூற்றுக்கு அறுபது முதல் எழுபது பங்குவரை மாவுச்சத்துதான். நார்ச்சத்து அரிசியைவிட அதிகம் என்பதால் நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் அளவில்லாமல் சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை. மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். களியோ, சாமைச் சோறோ, சோறு இருந்த அந்தக் கால் தட்டிலேயே அடங்க வேண்டும். சப்பாத்தியும் அப்படித்தான். சோற்றை விட்டுவிட்டேன் என்று நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சாப்பிட்டால் லாபம் ஒன்றும் இல்லை. மரவள்ளிக் கிழங்கு, சேனை, வாழைக்காய் எல்லாம் பெயருக்குத்தான் காய், கணக்கில் சோறு.

பழைய சோற்றைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. சோறு ஆறும்போது அதில் உள்ள மாவில் ஒரு சிறு பங்கு சீக்கிரம் செரிக்காததாக மாறுகிறது. அது உண்மை. ஆனால் சிறு பங்குதான். ஒரு சிறிய கிண்ணம் பழையது, நிறைய மோர், சின்ன வெங்காயம், கூட ஒரு அவித்த முட்டை என்றால் நல்ல காலை உணவு. ஒரு சட்டி பழையதும் ஊறுகாயும் என்றால் அது சோறுதான்.

"இதெல்லாம் வாங்கக் காசு வேணுமே?"

உண்மைதான். நியாய விலைக் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. முட்டையும் மீனும் அப்படிக் கிடைப்பதில்லை. ஆகவே முந்திரி, பாதாம் என்று பத்திரிகையில் எழுதுவதைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதே கடையில் மானிய விலையில் வரும் துவரம்பருப்பை விடாமல் வாங்குங்கள். சாம்பாரைத் தண்ணியாக வைக்காமல் கெட்டியாகக் கூட்டு வையுங்கள். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஊறவைத்து அவித்த கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, வீட்டுக் கோழி முட்டை, குளத்துக் கெண்டை, மலிவான மத்தி மீன், ஒரு டம்ளர் மோர் போதும். கொல்லையில் முருங்கை இருந்தால் கீரைக்குப் பஞ்சமில்லை. சுரை, புடலை, பீர்க்கு, கத்தரி, கொத்தவரை, வாழைத்தண்டு எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். பருப்பிலும் பயறிலும் மாவு உண்டு. ஆனால் கூடவே புரதமும் நாரும் இருப்பதால் சோறு மாதிரிப் பாய்ந்து ஏறாது.

எண்ணெயில் மாவு இல்லை என்பதற்காக வடையும் பஜ்ஜியுமாகப் பொரித்துத் தள்ளக் கூடாது. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தாய்மார்களுக்கும் அவர்களுடைய வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்றால் முட்டை, மீன், கூட்டு எல்லாம் அவர் தட்டுக்குப் போகிறது. எல்லோரும் சாப்பிட்டபின், சட்டியில் ஒட்டியிருக்கும் சோற்றை ரசம் ஊற்றிப் பிசைந்து, மிச்சம் வீணாகக் கூடாதே என்று அந்த அம்மா சாப்பிடுகிறார். அவருக்குக் கிடைப்பது முழுக்க மாவு. நாலைந்து வருஷம் கழித்துப் பரிசோதித்தால் அவருக்கும் சர்க்கரை! இது எத்தனையோ வீட்டில் நடக்கிறது. "எனக்கு என்னங்க, நான் எதையாவது சாப்பிட்டுக்கறேன்" என்று சொல்லும் மனைவியை, ஐயா, நீங்கள்தான் கூட உட்காரவைத்துப் பரிமாற வேண்டும். ஒரே பானை, ஒரே குழம்பு; இரண்டு தட்டிலும் ஒரே பங்கு. தனிச் சமையல் வேண்டியதில்லை. வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் சோற்றைக் குறைக்காதீர்கள். அவர்களுக்குக் காயையும் முட்டையையும் கூட்டினால் போதும்.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2007-லேயே உத்தரவிட்டது. பிரசவத்துக்குப் பின் சர்க்கரை இறங்கிவிட்டதே என்று பலர் அதை மறந்துவிடுகிறார்கள். பிற்காலத்தில் அவர்களுக்கு மீண்டும் வருவதற்கு வாய்ப்பு அதிகம். வருஷம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை அவசியம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நீங்கள் கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவரானால், டாக்டரைக் கேட்காமல் சோற்றைப் பாதியாக்கக் கூடாது. இந்த மருந்துகள் உங்கள் பழைய சாப்பாட்டுக்கு அளந்து கொடுத்தவை. சோறு பாதியாகி மருந்து அப்படியே இருந்தால், ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லி கிராமுக்குக் கீழே போய்விடும். காலையில் மாத்திரை போட்டு, ஒரு முட்டையை மட்டும் தின்றுவிட்டுக் களை வெட்டப் போனவர், பத்து மணி வெயிலில் வரப்பில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிச் சாய்ந்துவிடலாம். பார்க்கிறவர்கள் குடித்திருக்கிறான் என்று நினைத்துப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் முதலில் சுகாதார நிலையத்துக்குப் போய், "சோற்றைக் குறைக்கப் போகிறேன், மருந்தை எவ்வளவு குறைக்கணும்?" என்று கேளுங்கள். மருந்தை நீங்களே நிறுத்துவதும் தவறுதான். மெட்பார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த பயம் மிகக் குறைவு.

வெளியே போகும்போது மடியிலோ பையிலோ கொஞ்சம் சர்க்கரை வைத்திருங்கள். நடுக்கம் வந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு நிழலில் உட்காருங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கூட வேலை செய்பவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் மது குடிப்பவருக்கும் இதே கதிதான். டாபாகிளிபிளோசின் என்ற மாத்திரை எடுப்பவர்கள் கடுமையான பத்தியம் இருந்தால் வேறுவிதமான ஆபத்து உண்டு. சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தத்தில் அமிலம் சேர்ந்து வாந்தியும் மூச்சு வாங்கலும் வரும். அவர்களும் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள், ஏற்கெனவே ஒட்டி உலர்ந்த உடம்பு உள்ளவர்கள் தாங்களாகச் சோற்றைக் குறைக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முட்டை, மீன், பருப்பைக் கூட்டுவதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

"குறைச்சதிலிருந்து தலை வலிக்குது, காலை இழுக்குது, வெளிக்கிப் போக மாட்டேங்குது."

முதல் பத்து நாளில் இப்படி இருக்கலாம். மாவு குறையும்போது உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் கூடுதலாக வெளியேறுகின்றன. முதல் வாரத்தில் எடை சட்டென்று இறங்குவதும் பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். கொழுப்பு என்று ஏமாற வேண்டாம். தண்ணீரும் மோரும் நிறையக் குடியுங்கள், கீரையைக் கூட்டுங்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு எழுந்து நிற்கும்போது கிறுகிறுப்பு வந்தால், அந்த மாத்திரையின் அளவையும் டாக்டர் பார்க்க வேண்டியிருக்கும்.

தெம்பு போய்விடுமா என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். முதல் வாரம் கொஞ்சம் சோர்வு இருக்கும். அப்புறம், பகல் சாப்பாட்டுக்குப் பின் கண்ணைச் செருகும் அந்த மந்தம் குறைந்திருப்பதை நீங்களே கவனிப்பீர்கள். ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து போவதும் குறையும். மருந்து தேவைப்படாத அளவுக்குச் சர்க்கரை இறங்கியவர்களும் உண்டு. நோய் வந்து அதிக நாள் ஆகாமல், எடையும் நன்றாகக் குறைந்தவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. அப்போதும் நோய் அடங்கிக் கிடக்கிறதே ஒழிய, ஒழிந்துபோகவில்லை. தட்டு பழையபடி நிரம்பினால் அதுவும் பழையபடி எழும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் மாத்திரை கொண்டு வரும் தன்னார்வலர் உங்கள் வாசலுக்கு வரும்போது மாத்திரையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடாதீர்கள். எவ்வளவு சோறு குறைத்தீர்கள், எப்போதாவது நடுக்கம் வந்ததா என்று அவரிடம் சொல்லுங்கள். மூன்று மாதம் ஆனதும் இருவரும் சேர்ந்தே போய், மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

"கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்தா?"

உட்காருங்கள். கூட்டு, பொரியல், அவியல் இரண்டாம் தடவை வரும்போது கையை நீட்டுங்கள்; சோறு இரண்டாம் தடவை வரும்போது கையை மூடிக்கொள்ளுங்கள். பாயசம் ஒரு வாய் போதும். வீட்டுக்காரம்மா பக்கத்து இலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.