பெற்றார் குழுவும் அதனை நடத்துவோரும்



சில ஆண்டுகளுக்கு முன்னர், முன்பள்ளியொன்றிலே கூடிய இளந் தாய்மாருக்குப் பிள்ளை வளர்ப்புப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் பேசினேன். முப்பதுக்கு மேற்பட்ட தாய்மார் அமைதியாக இருந்து கேட்டனர். அடுத்த மாதம் வந்தோர் ஐவரே. அவருள் ஒருவர் கூட்டம் முடிந்தபின் வாயிலருகே நின்று, "ஐயா சொன்னது எல்லாம் சரிதான். ஆனால் என்ரை பிள்ளை இரவு முழுக்க அழுகுது. நானும் சேர்ந்து அழுகிறன். இதை நான் எந்தக் கூட்டத்திலை சொல்லுறது?" என்றார். பல்லாண்டு கற்பித்த நான் விடையின்றி நின்றேன். இன்றைய பேச்சு அவ் வினாவிலிருந்து பிறந்ததே.

சிறு பிள்ளைகளின் பெற்றாருக்கு அறிவுரை கூறுவோர் நம் நாட்டில் அரியரல்லர். 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பெற்ற காலந்தொட்டு, மருத்துவமாதர் வீடு வீடாகச் சென்று தாய் சேய் நலம் பேணி வருகின்றனர். அவர் தொண்டு பெரிது. ஆயினும், தம்மைப் போன்ற பிற பெற்றாருடன் கூடியிருந்து, தம் அச்சத்தையும் களைப்பையும் வாய்விட்டுக் கூறும் வாய்ப்பு வேறொரு தேவையாகும். தாய்ப்பாலூட்டல் சிறப்புற 1989இல் உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியமும் பத்துப் படிகளை வகுத்தன. அவற்றுள் இறுதிப் படி, தாய்மாருக்கு ஆதரவுக் குழுக்கள் அமைய ஊக்கமளித்து, வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் தாயை அவற்றின்பால் அனுப்புதல் என்பதாக அன்று இருந்தது.

இத்தகைய குழு என்ன பயன் தரும் என ஐயுறுவோர் நேபாள நாட்டின் மக்வான்பூர் மாவட்டத்தை நோக்குவாராக. அங்கே பெண்கள் மாதந்தோறும் கூடினர். தாய்க்கும் சேய்க்கும் நேரும் இடர்கள் எவை என ஆராய்ந்தனர். தாமே வழி வகுத்தனர். சில குழுக்கள் அவசர உதவிக்குப் பணம் சேர்த்தன. சில, நோயாளியைச் சுமந்து செல்லக் காவுபடுக்கை ஏற்பாடு செய்தன. 2004இல் வெளிவந்த ஆய்வின்படி, குழுக்கள் இல்லாத பகுதிகளில் உயிருடன் பிறந்த ஆயிரம் சிசுக்களுள் ஏறக்குறைய 37 முதல் மாதத்துள் இறந்தன. குழுக்கள் இயங்கிய பகுதிகளில் அத்தொகை 26 ஆக இருந்தது. அக்குழுக்களை நடத்தியோர் வைத்தியருமல்லர், தாதியருமல்லர். அவ்வப் பகுதியில் வாழ்ந்த, எழுத வாசிக்க அறிந்த, குறுகிய பயிற்சி பெற்ற பெண்களே அவர். சுகாதார சேவை எளிதில் எட்டாத கிராமப் புறங்களுக்கு இம்முறையை உலக சுகாதார நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது.

அங்ஙனமாயின் அப்பயிற்சி எத்தகையதாதல் வேண்டும்? குழு நடத்துபவரை இக்காலத்தில் இலகுபடுத்துநர் என வழங்குவர். பிறர் பேசுதலை இலகுவாக்குபவர் என்பது பொருள். ஆதலின் அவர் கற்க வேண்டிய முதற்பாடம் கேட்டலாகும். ஆசிரியராகிய எமக்கு இது மிகக் கடினம். வினா எழுந்தவுடன் விடை கூறுதல் எம் பழக்கம். "பிள்ளை சோறு உண்ண மறுக்கிறது" என ஒரு தாய் கூறின், நல்ல இலகுபடுத்துநர் உடனே மருந்து கூறார். "வேறு யாருடைய பிள்ளையும் இப்படி இருந்ததா? அப்போது என்ன செய்தீர்கள்?" என அவையை வினவுவார்.

இத்திறன் நூலைப் படிப்பதால் வாராது. நடித்துப் பழகுவதாலேயே வரும். பயிற்சியில் ஒருவர் கவலையுற்ற தாயாகவும், இன்னொருவர் குழு நடத்துபவராகவும் நடிக்க, மூன்றாமவர் உற்று நோக்கிக் குறை நிறைகளைக் கூறுவர். ஓயாது பேசும் பாட்டியாரை மனம் நோகாமல் நிறுத்துதலும், மூலையில் மௌனமாயிருப்பவருக்கு இடமளித்தலும் இவ்வாறே பழகத்தக்கன.

எனினும், கேட்டல் என்பது தவற்றைக் கண்டும் காணாதிருத்தலன்று. பிறந்த குழந்தைக்குச் சீனித் தண்ணீர் கொடுக்கலாம் என ஒருவர் கூறின், அதனை விட்டுவிடல் தகாது. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் ஒன்றே போதுமானது என்பதனை, கூறியவரை நாணச் செய்யாது எடுத்துரைத்தல் வேண்டும். "முன்னர் பலரும் அப்படித்தான் செய்தார்கள், இப்போது மருத்துவமாது சொல்வது இது" எனத் தொடங்கினால் எவர் மனமும் புண்படாது.

அடுத்தது இரகசியம் காத்தல். குழுவிலே கண்ணீருடன் கூறியது மறுநாள் கிணற்றடியிலே பேச்சாகுமாயின், அக்குழு அன்றே அழிந்தது எனலாம். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு தாய் வாரக்கணக்காகத் துயரில் ஆழ்ந்திருந்தாலோ, தனக்கோ பிள்ளைக்கோ தீங்கிழைக்கும் எண்ணம் எழுவதாகக் கூறினாலோ, வீட்டிலே அடி உதைக்கு ஆளானாலோ, அது குழுவினால் மட்டும் தீர்க்கத்தக்கதன்று. உயிருக்கு ஆபத்தெனின் அன்றே மருத்துவமாதுக்கோ சுகாதார வைத்திய அதிகாரிக்கோ அறிவித்தல் கடமை. இவ் விதிவிலக்கை முதற் கூட்டத்திலேயே அனைவருக்கும் வெளிப்படையாகச் சொல்லிவிடல் வேண்டும். தம் அறிவின் எல்லையை அறியாத இலகுபடுத்துநர், நல்லெண்ணத்தினாலேயே கேடு விளைத்தல் கூடும்.

பயிற்சி சில நாட்களில் முடிந்துவிடுவதுமன்று. அனுபவமுள்ளோர் இடையிடையே வந்து குழுவில் அமர்ந்து பார்த்தலும், நடத்துவோர் தமக்குள் கூடித் தம் மனச்சுமையை இறக்கி வைத்தலும் இன்றியமையாதன. பிறர் துயரை மாதந்தோறும் கேட்பவருக்கும் ஒரு துணை வேண்டுமன்றோ? தந்தையரையும் மறத்தலாகாது. பகற்பொழுதில் கூட்டம் வைத்துவிட்டுத் தந்தையர் வரவில்லை எனக் குறைகூறுதல் நியாயமன்று.

நான் முற்கூறிய முன்பள்ளியில் இன்று வரிசையாக வாங்குகள் இல்லை. வட்டமாகப் பாய்கள் விரிக்கப்படுகின்றன. பன்னிருவர் அளவிலே கூடுகின்றனர். பயிற்சி பெற்ற உள்ளூர்த் தாயொருவர் நடத்துகிறார். ஒருமுறை என்னையும் அழைத்தார்கள். அன்று நான் பேசியது மிகச் சிறிது, கற்றதோ பெரிது. நேயர்களே, உங்கள் ஊரிலும் பொறுமையுடன் பிறர் சொற் கேட்கும் ஒருவர் இருப்பார். அவரைக் கண்டறிந்து இப்பயிற்சிக்கு அனுப்புங்கள். இரவெல்லாம் விழித்திருக்கும் ஒரு தாய்க்கு அது பேருதவியாகும்.